ஒன்பதாவது செடி

மண்வெட்டியைத் தொடுமுன் யாசாம் செருப்பைக் கழற்றுவார். கன்னத்தில் பாக்கை ஒதுக்கிக்கொண்டு, வெறுங்காலால் சாலையோரத்தை நாலு தடவை மிதித்துப் பார்ப்பார். "இங்கதான் படுத்திருக்கான், தோண்டு" என்றால் இரண்டடி ஆழத்தில் குழாய் இருக்கும். இருபத்திரண்டு வருடமாக எங்கள் நகராட்சியின் தண்ணீர்க் குழாய்களைப் புதைப்பவர் அவர். புதைத்த இடத்தில் ஒரு தாங்கெட் குச்சியை நட்டுவிடுவார். எங்கள் நிலங்களுக்கு எல்லை காட்ட நடுகிறோமே, அதே சிவப்பு இலைச் செடிதான். அலுவலகத்தில் வேறு வரைபடம் கிடையாது. வெட்கக்கேடுதான், என்ன செய்ய.

ஒரே சாலையைத் தண்ணீர்க்காரர் தோண்டுவார், சாலைக்காரர் மூடுவார், வடிகால்காரர் மறுபடி பிளப்பார். இந்தக் கூத்தில் சலித்துப்போன தலைநகரம் இந்த வருடம் ஒரு நிபந்தனை போட்டது. மூன்றும் ஒரே வரைபடத்தில் வரவேண்டும். சோதிக்க வருகிறவர்கள் வரைபடத்தில் கைகாட்டும் இடத்தில் தோண்டினால் குழாய் இருக்கவேண்டும். இருந்தால் மூன்று வருடத்துக்கு நிதி, இல்லாவிட்டால் கைவிரிப்பு. அந்த நிதி வந்தால்தான் மருத்துவமனை மேட்டுக்குத் தண்ணீர் ஏறும். பிரசவ வார்டுக்கு இன்றும் வாளியில்தான் போகிறது. யாசாமின் மகளுக்கு இது எட்டாம் மாதம்.

வரைபடம் போடுகிறவன் நான். அளவு நாடாவோடு செடி செடியாக அவர் பின்னால் அலைந்தேன். மிச்சம் மருத்துவமனைச் சாலை மட்டும், பதினான்கு செடிகள். வியாழக்கிழமை காலை போனால் சாலையோரம் மொட்டையாகக் கிடந்தது. தலைநகரத்து ஆட்கள் வருகிறார்கள் என்று துப்புரவுப் பிரிவு முதல் நாளே எல்லாவற்றையும் பிடுங்கி லாரியில் ஏற்றிவிட்டது.

துப்புரவு மேஸ்திரி யாசாமின் தங்கை புருஷன். எங்கள் வழக்கப்படி மச்சான் பெயரை வாயால் சொல்லக் கூடாது, முகம் பார்த்துப் பேசவும் கூடாது. பெயர் சொல்லித் திட்டவும் வழியில்லை.

"அந்த லாரிக்காரன்கிட்ட கேளு! கண்ண எங்க வச்சிருந்தானாம்?" என்று யாசாம் என்னைப் பார்த்துக் கத்தினார். மேஸ்திரி பத்தடி தள்ளித்தான் நின்றார்.

"சுத்தம் பண்ணச் சொன்னாங்க, பண்ணேன். செடிக்கு அடியில குழாய் இருக்குன்னு எனக்கு யாரு சொன்னா?" அவரும் என்னிடமே சொன்னார்.

யாரும் சொல்லவில்லை என்பதுதான் உண்மை.

யாசாம் மண்டியிட்டு, கத்தி முனையால் மண்ணைக் கிளறி, அறுந்த வேர்களைத் தேடினார். மதியத்துக்குள் பதின்மூன்று கிடைத்தன. ஒன்பதாவது வேரோடு போயிருந்தது. மேட்டுக்குத் தண்ணீரைத் திருப்பும் வால்வு அதன் அடியில்தான். மிதித்தார், நகர்ந்தார், மறுபடி மிதித்தார்.

"இங்க போடு."

"நிச்சயமா, பெரியவரே?"

"போடுடா. என் பொண்ணு அங்கதான படுக்கப்போறா, நான் விளையாடுவேனா?"

பயந்துகொண்டே புள்ளி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை வந்த தலைநகரத்து அம்மாள், இருந்திருந்து வரைபடத்தின் ஒன்பதாம் புள்ளியில் விரலை வைத்தார்.

யாசாம் வேறு யாரையும் மண்வெட்டியைத் தொட விடவில்லை. ஓரடி. ஒன்றரை. இரண்டடி தாண்டியும் வெறும் களிமண். பாக்கு மெல்வது நின்றுவிட்டது. அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மேஸ்திரி என் காதருகே வந்தார். "போன வருஷம் இவரு ஒரு சாவு வீட்டுக்காக ஊருக்குப் போயிருந்தப்ப, இந்த வளைவ மட்டும் ஓரத்தோட ஒரு அடி ஒசத்தினாங்க. என் லாரிலதான் மண்ணு வந்துச்சு. இன்னும் தோண்டச் சொல்லு."

நான் சொல்லத் தேவையிருக்கவில்லை. யாசாமுக்குக் கேட்டுவிட்டது. மறுபடி குனிந்தார். ஆறேழு வெட்டுதான், மண்வெட்டி இரும்பில் மோதியது. அம்மாள் எட்டிப் பார்த்து, தாளில் ஏதோ குறித்துக்கொண்டு, கையெழுத்துப் போட்டார்.

அவர் போனபின் குழியை மூடினோம். யாசாம் தோள்பைக்குள் கைவிட்டுப் புதிதாக ஒரு தாங்கெட் குச்சியை எடுத்தார்.

"அதான் வரைபடத்துல வந்திருச்சே, இது எதுக்கு?" என்றேன்.

அவர் முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டு, குச்சியை மச்சான் பக்கம் நீட்டினார்.