படத்தில் நிற்க ஓர் ஆள்

கரியாலூருக்கு மேலே, ஓடைமேல் கட்டி, முதல் மழையிலேயே இடிந்த சிறுபாலத்தருகே அன்று நானும் அம்மாவும், பாலம் கட்டிய காண்ட்ராக்டரின் மேஸ்திரியும், கள்ளக்குறிச்சியிலிருந்து வந்த பத்திரிகைப் புகைப்படக்காரரும் இருந்தோம். அதிகாரிகள் ஒருவரும் வரவில்லை.

புகைப்படக்காரருக்கு நரைத்த மீசை, சேறு அப்பிய ரப்பர் செருப்பு. கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோவார், அழுத்தாமலே இறக்கிவிடுவார்.

"இன்னா சார் யோசன?" என்றேன்.

"முன்னெல்லாம் போட்டோவக் காட்டினா வாய மூடுவாங்க தம்பி. இப்ப கம்ப்யூட்டர்ல செஞ்சதுன்றாங்க. இனிமே போட்டோவுக்கே ஒரு ஆளு வந்து சாட்சி சொல்லணும். ஊர்க்காரங்க யாராச்சும் மொகம் தெரிய நில்லுங்க."

மேஸ்திரி சிரித்தார். "நில்லுங்க, நில்லுங்க. நானும் பாத்துக்கினுதான் இருக்கேன்."

அவரிடம்தான் அம்மா ரோடு வேலை செய்துகொண்டிருந்தாள். நேராகப் போய் இடிந்த கல்மேல் ஏறினாள்.

"வேல போயிடும்ங்க. யோசிச்சி நில்லுங்க," என்றார் புகைப்படக்காரர், மேஸ்திரிக்கும் கேட்கும்படி.

"எம்புள்ள இந்த ஓடையில நீந்திப்போயித்தான் படிச்சான். மத்த புள்ளைங்களும் நீந்தணுமா? எடுங்க."

அம்மா முந்தானையைச் சரிசெய்யும்வரை காத்திருந்து அழுத்தினார்.

படம் பத்திரிகையில் வந்ததும், பொய்ப்படம் என்றார் காண்ட்ராக்டர். அம்மா தாலுகா ஆபீசுக்கே போய், "அது நான்தான்" என்றாள். பாலத்தை மறுபடி கட்டினார்கள்.

அன்று புகைப்படக்காரர் அப்படிச் சொல்லி அம்மாவைத் தடுக்கப் பார்த்தாரா, உறுதியைச் சோதித்தாரா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. மேஸ்திரி அம்மாவை வேலையிலிருந்து நிறுத்தினார். ரோடு முடியும்வரை எங்கள் வீட்டுக்கு வராமல்போன கூலி பதினெட்டாயிரம் ரூபாய்.