கிண்ணத்தில் மிட்டாய் இல்லை

எங்கள் நெதர்லாந்து ஊரில் பிறந்தநாள் என்றால் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்காருவோம். வருகிறவர் பிறந்தநாள் பிள்ளையை வாழ்த்துவதோடு நிறுத்தக்கூடாது. தாய், தகப்பன், பாட்டி, பக்கத்து வீட்டுக்காரியான நான் வரை ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து "வாழ்த்துகள்" சொல்ல வேண்டும். கிழவி ஆவுக்யே மட்டும் மருமகள் ஹில்த்யேவைத் தாண்டிப் போய்விடுவாள். அந்த நாற்காலியில் ஆளே இல்லை என்று பாவனை. பேரன் யோரிட் பிறந்ததிலிருந்து இதே கூத்து.

ஹில்த்யே குரோனிங்கனில் பஸ் ஓட்டுகிறவள். மகன் யோரிட்டின் மூளை மடிப்பே இல்லாமல் வழவழவென்று அமைந்துவிட்டது. பேச்சில்லை, நடையில்லை, வலிப்பு உண்டு. என்னைக் கண்டால் மட்டும் வாய்கொள்ளாமல் சிரிப்பான். கர்ப்பத்தில் அவள் உப்புப் போட்ட கறுப்பு அதிமதுர மிட்டாயைப் பை பையாகத் தின்றதுதான் காரணம் என்பது கிழவியின் தீர்ப்பு. பாவம், ஹில்த்யே அதை நம்பியும்விட்டாள். அதன்பின் அந்த மிட்டாயைத் தொடவில்லை.

பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் மார்னிக்ஸ், யோரிட்டின் தோலில் துளி எடுத்து, அந்தச் செல்களை மூளைச் செல்களாக மாற்றி, ஆய்வகக் கிண்ணத்தில் பட்டாணி அளவுக்கு மூளைத் துணுக்கு வளர்த்தார். "எங்க வம்சத்துல குறையில்லன்னு தெரியட்டும்" என்று கிழவியும் தன் தோலைக் கொடுத்தாள்.

இந்தப் பிறந்தநாளுக்கு மார்னிக்ஸும் வந்தார். கேக்கை வாயில் வைக்குமுன் கிழவி பிடித்துக்கொண்டாள்.

"கிண்ணத்துல என்ன ஆச்சு தம்பி?"

"யோரிட்டோட செல்லுங்க உள்ளேர்ந்து வெளிப்பக்கம் நகர்ந்து போகணும்மா. பாதி வழியில நின்னுடுச்சு. அவன் தலைக்குள்ள நடந்த மாதிரியே."

"கடைசி ஸ்டாப் வரைக்கும் வராம நடுவுலயே இறங்கிடுச்சுங்களா?" என்றாள் ஹில்த்யே.

"அதுக்கு என்ன சாப்பாடு போட்டீங்க?" கிழவி விடவில்லை.

"சர்க்கரை, விட்டமின், உப்பு..."

"உப்பு." கிழவி தொடையைத் தட்டினாள். "இவ தின்னதும் உப்பு மிட்டாய்தானே."

ஹில்த்யே தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பக்கத்துக் கிண்ணத்துக்கும் அதே உப்புதாம்மா. அது உங்களோடது. ஜம்முனு வளருது" என்றார் மார்னிக்ஸ்.

"என் மூளையா? இந்த வயசுலயா?" கிழவி தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.

"ஆமாம்மா. யோரிட் கருவானப்பவே ஒரு மரபணுவுல சின்னப் பிழை விழுந்திருக்கு. அப்பாகிட்டயும் அது இல்ல, அம்மாகிட்டயும் இல்ல. யாரும் செஞ்சு வந்ததில்ல."

"அந்தக் கிண்ணத்துல மிட்டாய் இல்லைல்ல?" ஹில்த்யே கேட்டாள்.

"இல்லீங்க."

கிழவி எழுந்து வெளியே போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்றுதான் நினைத்தோம். வாசல் மணி அடித்தது. மறுபடி உள்ளே வந்தவள், முதல் நாற்காலியிலிருந்து தொடங்கி எல்லோருக்கும் இரண்டாம் தடவை கைகொடுத்தாள். முறையென்றால் முறைதானே. ஹில்த்யேவின் முன்னால் வந்து நின்றாள்.

"உன் புள்ளைக்கு வாழ்த்துகள்."

ஹில்த்யே பிடித்த கையை விடவில்லை. "உங்க மூளைக்கும் வாழ்த்துகள், அத்தை. பையில மிட்டாய் இருக்கா?"

இருந்தது. ஹில்த்யே இரண்டை ஒன்றாக வாயில் போட்டு, அழுதுகொண்டே மென்றாள்.