துண்டு போட்ட இடம்

பஸ்ஸில் இடம் பிடிக்கிற வித்தையில் எங்கள் அய்யாவை மிஞ்ச ஆலங்குடியில் ஆள் கிடையாது. புதுக்கோட்டை வண்டி வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டை வீசிவிடுவார். துண்டு விழுந்த சீட்டு நம்முடையது. பிறகு உட்கார வருகிறவர் கலெக்டராகவே இருந்தாலும் துண்டைப் பார்த்துவிட்டு அங்கிட்டு நகர்ந்துவிட வேண்டும். அதுதான் சட்டம்.

புதுக்கோட்டை காலேஜில் பி.யூ.சி.க்கு எனக்கு சயின்ஸ் பிரிவில் இடம் கிடைத்தபோதும் அய்யா அதே சட்டத்தைத்தான் சொல்லி அனுப்பினார். "பஸ்ஸானாலும் சரி, படிப்பானாலும் சரி, கெடச்ச எடத்த விட்டு எந்திரிச்சிராதே."

எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான். சயின்ஸ் படித்தால் டாக்டர் ஆகலாம் என்று யாரோ சொல்லப்போக, மறுநாளே ஊரில் மூன்று பேர் என்னிடம் வந்து இடுப்பு வலி சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த இடத்தைத் தொலைத்தால் நேரே கடலைக்கொல்லைதான் என்று அய்யா தனியாக வேறு சொல்லி வைத்திருந்தார்.

காலேஜ் பெரிதாக இருந்தது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தை அப்படியே தூக்கி அதன் ஒரு ஹாலுக்குள் வைத்துப் பூட்டிவிடலாம். போர்டில் டைம் டேபிள் ஒட்டியிருந்தது. ஒரு புள்ளி விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டேன். ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே ஓர் எண் போட்டிருந்தது. இத்தனை வாத்தியார்கள் இருக்கிற இடத்தில் அவர்களுக்கும் நம்பர் போட்டுத்தானே ஆக வேண்டும் என்று எனக்கு நானே விளக்கமும் சொல்லிக்கொண்டேன்.

முதல் மணி இங்கிலீஷ். எல்லாப் பிரிவுக்கும் பொது. முன் பெஞ்சின் ஓரத்தில் துண்டைப் போட்டு உட்கார்ந்தேன். பாடம் முடிந்து மணி அடித்ததும் அத்தனை பையன்களும் எழுந்து வெளியே போனார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் மணி அடித்தால் வாத்தியார்தான் மாறுவார், பையன் உட்கார்ந்த இடத்தில் இருப்பான். டவுன் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு அசையாமல் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் வேறு வாத்தியார் வந்தார். கூடவே வேறு பையன்களும் வந்தார்கள். மணிக்கு மணி பையன்களையே மாற்றுகிறார்கள், பெரிய காலேஜ் என்றால் சும்மாவா என்று பெருமையாகக்கூட இருந்தது.

அந்த ஹாலில் இரண்டாம் மணி லாஜிக், மூன்றாம் மணி சரித்திரம். எல்லாம் இங்கிலீஷில் நடந்ததால் பாதிக்குப் பாதி புரியவில்லை. புரிந்த பாதியில் தவளையோ எலும்போ வரவில்லை, ராஜாக்கள்தான் வந்தார்கள். நோயாளியின் பூர்வீகம் தெரியாமல் எப்படி வைத்தியம் பார்ப்பது என்று சமாதானம் செய்துகொண்டேன். லாஜிக் வாத்தியார் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது என் நம்பரான நாற்பத்தேழைக் கூப்பிட்டால் நான் 'பிரசென்ட் சார்' என்பேன். பின் பெஞ்சிலிருந்தும் ஒரு 'பிரசென்ட் சார்' வரும். அவ்வளவு பெரிய ஹாலில் எதிரொலி கேட்கத்தானே செய்யும். வாத்தியாரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், தலையை நிமிர்த்தவே மாட்டார்.

மத்தியானச் சோற்றையும் அந்தப் பெஞ்சிலேயே சாப்பிட்டேன். தண்ணீர் குடிக்கப் போனால் துண்டு காவல் இருந்தது. பத்து நாள் இப்படிக் கட்டிக் காத்தேன்.

பதினோராம் நாள் இங்கிலீஷ் வகுப்புக்கு அட்டெண்டர் ஒரு சர்க்குலர் கொண்டுவந்தார். சயின்ஸ் பிரிவில் பத்து நாளாக எந்த சயின்ஸ் வகுப்புக்கும் வராத ஒருவனின் பெயரை நீக்கிவிட்டதாகவும், அவன் தகப்பனாருடன் பிரின்சிபாலைப் பார்க்க வேண்டும் என்றும் வாத்தியார் படித்தார். எவனோ தறுதலை என்று முகம் சுளித்தேன். அடுத்த வரியில் என் பெயரும் அய்யா பெயரும் வந்தன.

மறுநாள் அய்யா வந்தார், தோளில் ஒரு பலாப்பழத்தோடு. படித்தவர்களைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாது என்பது அவருடைய இன்னொரு சட்டம். பழத்தைப் பிரின்சிபால் ரூம் வாசலில் இறக்கி வைத்துவிட்டு, கைகட்டி நின்றார்.

பையன் சயின்ஸ் வகுப்புப் பக்கமே வரவில்லை என்றார் பிரின்சிபால்.

"வெடிஞ்சா பஸ் ஏத்தி விடுறது நாந்தாங்க," என்றார் அய்யா.

நான் ஒரு நாள்கூட இடத்தை விட்டு எழுந்ததில்லை என்று சத்தியம் செய்து, ஹாலையும் பெஞ்சையும் சொன்னேன். லாஜிக் வாத்தியாரைக் கூப்பிட்டார்கள். அவர் என்னைப் பார்த்ததும் மலர்ந்தார். "இவனா? ஃபர்ஸ்ட் பெஞ்ச் சார். மணியடிச்சாலும் நகர மாட்டான். இப்படியொரு ஆர்வத்தை நான் பார்த்ததே இல்ல."

பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். சிரிப்பை அடக்க அவ்வளவு நேரம் பிடித்தது. பிறகு டைம் டேபிளில் இருந்தது வாத்தியார் நம்பர் இல்லை, ஹால் நம்பர் என்றும், மணி அடித்தால் பையன்கள்தான் ஹால் மாற வேண்டும் என்றும் அய்யாவுக்கு நிதானமாக விளக்கிவிட்டு, விஷயத்துக்கு வந்தார்.

"சயின்ஸ்ல இவன் எடத்துக்குக் காத்திருந்த பையனை நேத்தே சேர்த்தாச்சு. இனி ஒண்ணும் பண்ண முடியாது. லாஜிக் குரூப்ல எடம் இருக்கு. அங்கதான் பத்து நாளும் ஒழுங்கா வந்திருக்கான். வேணும்னா அதுல போட்டுக்கிறேன்."

அய்யா என் தோளில் கிடந்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சட்டத்தைச் சொல்லித் தந்தவர் அவர்தான் என்று நான் ஞாபகப்படுத்தவில்லை. அவர் அதிலேயே போட்டுக்கொள்ளச் சொல்லிக் கும்பிட்டார். பலாப்பழத்தை மட்டும் பிரின்சிபால் வாங்க மறுத்துவிட்டார். அது அட்டெண்டரோடு போயிற்று.

திரும்புகிற பஸ்ஸில் இடமிருந்தும் அய்யா துண்டு போடவில்லை. ஆலங்குடி வரை நின்றுகொண்டே வந்தார். வழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார், லாஜிக் என்றால் என்ன என்று. எதையும் காரணம் காட்டி நிரூபிக்கிற படிப்பு என்றேன்.

"அத அந்தப் பிரின்சிபால் ரூமுக்குள்ள வச்சுப் பண்ணியிருக்கலாம்ல," என்றார்.

கடலைக்கொல்லைப் பேச்சை அவர் எடுப்பார் என்று நான் காத்திருந்தேன். இறங்கியதும் டீக்கடையில் இருந்த இடுப்பு வலிக்காரர் ஒருவர் எங்களைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் படிப்பு எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டார்.

அய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "படிக்கிறாம்ப்பா. அதே காலேஜுதான். டாக்டருக்குப் படிக்கிற ஹாலு மட்டும் வேற."