பிஜிலியை மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது

எங்கள் வீட்டு நாய்க்குப் பிஜிலி என்று பெயர் வைத்தது அப்பாதான். சிவகாசிப் பக்கத்தில் நாய்க்குப் பட்டாசின் பெயரை வைப்பது பெரிய கற்பனை ஒன்றும் இல்லை. எங்கள் தெருவிலேயே ராக்கெட் என்று இன்னொரு நாய் இருந்தது. ஆனால் பிஜிலி, பெயருக்குக் கொஞ்சமும் பொருத்தமில்லாமல், வெடிச்சத்தம் கேட்டால் எதற்கடியிலாவது போய் ஒடுங்கிக்கொள்ளும். எங்கள் ஊரான நாரணாபுரத்தில் பிறந்த நாய்க்கு இது வசதியான குணம் இல்லை. ஏதாவது ஒரு பட்டாசுக் கம்பெனியில் எதையாவது வெடித்துப் பார்த்துக்கொண்டேதான் இருப்பார்கள்.

அப்பா சொந்தமாக ஒரு லோடு வேன் வைத்திருந்தார். அச்சகங்களிலிருந்து அட்டைப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டுபோய்ப் பட்டாசுக் கம்பெனிகளில் இறக்குவது அவர் வேலை. அம்மா ஒரு கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தாள். அப்பாவின் தங்கையான அத்தையும் எங்களோடுதான் இருந்தாள். நான் கைக்குழந்தையாக இருந்தபோது, அவள் வேலை பார்த்த கம்பெனியில் தீப்பிடித்து, இரண்டு கைகளும் கழுத்தும் முதுகும் வெந்துபோயின. மதுரையில் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தவள். அதன் பிறகு அவள் எந்தக் கம்பெனிக்கும் போகவில்லை. சமையலும் நானும் பிஜிலியும் அவள் பொறுப்பு.

அத்தை பிழைத்த கதையை அப்பா சொல்லாத விசேஷ வீடு கிடையாது. பந்தி முடிந்து ஆண்கள் நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் யாராவது கேட்பார்கள். யாரும் கேட்காவிட்டாலும் அவரே ஆரம்பிப்பார்.

“டாக்டருக எல்லாம் கைய விரிச்சுட்டாக. வீட்டுக்குக் கொண்டு போயிருங்கன்னுட்டாக. நான் விடலயே!”

அந்த இடத்தில் இரண்டு கைகளையும் டாக்டர் மாதிரியே விரித்துக் காட்டுவார். கேட்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். எனக்கும் பெருமையாக இருக்கும். அத்தை அந்த நேரத்தில் உள்ளே ஏதாவது வேலையாக இருப்பாள்.

நான் நாலாம் வகுப்பு படித்தபோது, தீபாவளிக்கு முந்தைய சீசனில் அது நடந்தது. சீசன் என்றால் அப்பா வீட்டில் தங்கமாட்டார். அன்று மதியம் சாப்பிட வந்தவரை ஒரு கம்பெனியிலிருந்து போனில் விரட்டினார்கள். பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டுப் போய் வண்டியைப் பின்னால் எடுத்தார். பிஜிலி வழக்கம்போல வேனுக்கடியில் நிழலுக்குப் படுத்திருந்தது. எஞ்சின் சத்தம் கேட்டதும் வெளியே ஓடிவரும் பழக்கம் அதற்கு உண்டு. ஆனால் அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கம்பெனியில் வெடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பயந்து இன்னும் உள்ளே போய் ஒடுங்கியிருக்க வேண்டும்.

நான் கதவருகில் நின்றிருந்தேன். அப்பா குதித்து இறங்கினார். பிஜிலி முன்னங்கால்களை ஊன்றி அவரைப் பார்த்து வந்தது. பின்பாதி உடம்பு தனியாக, ஒரு நனைந்த சாக்கைப் போலப் பின்னால் இழுபட்டு வந்தது. அவர் காலடிக்கு வந்ததும் தலையை அவருடைய செருப்பின் மேல் வைத்துக்கொண்டது.

மாட்டாஸ்பத்திரியில் இருந்தது ஒரு இளவயது டாக்டரம்மா. பிஜிலியின் பின்னங்கால் விரலை ஒரு இடுக்கியால் அழுத்திப் பிடித்தார். பிஜிலி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“முதுகெலும்பு முறிஞ்சிருச்சு. இடுப்பெலும்பும் நொறுங்கியிருக்கு. இனி நடக்காது. மூத்திரம்கூடத் தானாப் போகாது. ஊசி போட்டுட்டா கஷ்டப்படாமப் போயிரும்” என்றார்.

“அதெல்லாம் வேண்டாம், டாக்டரம்மா. நான் பாத்துக்கிடுறேன்” என்றார் அப்பா. பிறகு, அந்த இடத்திலேயே, சட்டையில் ரத்தத்தோடு நின்றுகொண்டு, அத்தை பிழைத்த கதையைச் சொன்னார். கைகளை விரித்தும் காட்டினார். டாக்டரம்மா முழுக்கக் கேட்டார். வலிக்கு மாத்திரையும் புண்ணுக்கு மருந்தும் கொடுத்தார். வயிற்றை அழுத்தி மூத்திரத்தை எடுத்துவிடுவது எப்படி என்று, கூட வந்திருந்த அத்தைக்குச் செய்து காட்டினார். “ரொம்பக் கஷ்டப்படுதுன்னு தெரிஞ்சா உடனே கொண்டு வந்துருங்க” என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் அப்பா புத்தம்புது அட்டைப்பெட்டிகளைப் பிரித்து அடுக்கி, அதன்மேல் போர்வையை விரித்து, மின்விசிறிக்குக் கீழே பிஜிலிக்குப் படுக்கை போட்டார். தினமும் முட்டையும் ஈரலும் வாங்கி வந்தார். எனக்குச் சந்தேகமே இல்லை. டாக்டர் கையை விரித்தாயிற்று, அப்பா விடவில்லை, ஆகவே பிஜிலி பிழைக்கும்.

பார்த்துக்கொள்கிறேன் என்றது அப்பா. பார்த்துக்கொண்டது அத்தை. வயிற்றை அழுத்திவிடுவது, புரட்டிப் போடுவது, ஈ விரட்டுவது எல்லாம் அவள்தான். இடுப்பில் புண் பெரிதானது. கட்டியிருந்த துணி அதில் ஒட்டிக்கொள்ளும். வெடுக்கென்று இழுத்துவிட்டால் ஒரு நொடியில் முடிந்துவிடும் என்பது என் யோசனை.

“பொறு, ஊறட்டும்” என்று தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டு அத்தை உட்கார்ந்திருப்பாள். ஒருமுறை பிஜிலி அவள் முழங்கையில் கடித்துவிட்டது. நான் கத்தினேன். அத்தை கையைக் கூட உருவவில்லை. “அங்கன எனக்கு உணர்ச்சி கெடையாது” என்றாள்.

அப்பா வேலை முடிந்து வந்ததும் கேட்கிற முதல் கேள்வி, “இன்னைக்கு எப்பிடி இருக்கு?” என்பது. தேவலை என்கிற பதில்தான் அவருக்கு வேண்டும். அம்மாவும் நானும் அதையே சொல்வோம். “அரை முட்ட தின்னுச்சு” என்பாள் அம்மா. வாயில் வைத்த முட்டை அப்படியே வெளியே வந்துவிட்டதை அத்தை சொல்லமாட்டாள், அம்மாவும் சொல்லமாட்டாள். பிஜிலி எங்களைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் படுக்கத் தொடங்கியிருந்தது. பிறகு ஒரு சத்தம் ஆரம்பித்தது. குரைப்பும் இல்லை, ஊளையும் இல்லை. மெல்லிய, நிற்காத சத்தம். அம்மா டிவியைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள்.

ஒரு சனிக்கிழமை காலையில், அப்பா லோடுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, அத்தை பிஜிலியின் பக்கத்தில் உட்கார்ந்தபடியே சொன்னாள்: “அண்ணே, அந்த டாக்டரம்மாகிட்டக் கொண்டு போயிருவோம்.”

“எதுக்கு?”

“ஊசி போட்டுரச் சொல்வோம்.”

அப்பாவுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. “வண்டிய ஏத்துனதும் நான், இப்ப கொல்றதும் நானா?” என்று கத்தினார். “உனக்கும் இப்பிடித்தான சொன்னாக? நான் விட்டனா? நீ இன்னைக்குச் சோறு பொங்கிக்கிட்டு முன்னால உக்காந்திருக்கேல்ல?”

அத்தை துணியின் மேல் தண்ணீரைச் சொட்ட விட்டுக்கொண்டிருந்தாள். குரலை உயர்த்தவில்லை.

“என்னய விட்டுருங்கண்ணேன்னு எம்புட்டுக் கெஞ்சுனேன்? கட்டுப் பிரிக்கையில எல்லாம் கெஞ்சுனேன்ல? ஊரு பூராம் கத சொல்றீக, அத மட்டும் யாருகிட்டயும் சொல்ல மாட்டேங்கிறீக.”

சட்டையின் ஒரு கையை மாட்டிய அப்பா, மறு கையை மாட்டாமல் அப்படியே நின்றார்.

“கேக்கிறதுக்கு எனக்கு வாயாச்சும் இருந்துச்சு” என்றாள் அத்தை.

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள். நான் பின்னாலேயே போய், அத்தை அப்பாவிடம் எதை விடச் சொல்லிக் கேட்டாள் என்று விசாரித்தேன்.

“ஆஸ்பத்திரிய விட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லியிருப்பா. போய் மூஞ்சியக் கழுவு” என்றாள் அம்மா.

எனக்கு அது திருப்தியாக இருந்தது. ஆஸ்பத்திரியில் இருப்பவர்கள் வேறு எதைக் கேட்பார்கள்?

அப்பா அன்று லோடுக்குப் போகவில்லை. வேனை எடுப்பதற்கு முன், பிஜிலி அத்தையின் மடியில் இருப்பது தெரிந்தும், குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார்.

மாட்டாஸ்பத்திரியில் என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். நான் போகவில்லை, யாரும் வற்புறுத்தவும் இல்லை. “வலிக்குமா?” என்று அத்தை கேட்டாள். “ஊசி குத்துறது மட்டும்தான்” என்றார் டாக்டரம்மா. அப்பா முன்னங்காலைப் பிடித்துக்கொண்டார். அத்தை பிஜிலியின் முகத்தை இரண்டு உள்ளங்கைகளுக்குள் வைத்துக்கொண்டு, அதன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மெல்லிய சத்தம் நின்றது. பிறகு மூச்சும் நின்றது. டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

“அம்புட்டுத்தானா?” என்று கேட்டாள் அத்தை.

எனக்கு அவளைப் பிடிக்காமல் போனது அந்த நிமிடத்தில்தான். பிஜிலி செத்துக் கிடக்கிறது, இவள் கடையில் சாமான் வாங்கியவளைப் போல அம்புட்டுத்தானா என்கிறாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. இனிமேல் அவளோடு பேசுவதில்லை என்று முடிவு செய்தேன்.

பிஜிலியை அம்மாவின் பழைய சேலையில் சுற்றி வேனின் பின்னால் வைத்தார்கள். முன்சீட்டில் அப்பாவுக்கும் அத்தைக்கும் நடுவில் நான் உட்கார்ந்தேன். அப்பா சாவியைப் போட்டார், திருகவில்லை. ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அப்பா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“தாயி, அன்னைக்கு நீ கேக்கும்போது…” என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

அத்தை என் தலைக்கு மேலே கையை நீட்டி, அவர் முதுகில் வைத்தாள்.

“நான் நல்லாத்தான இருக்கேன், அண்ணே” என்றாள். “வண்டிய எடுங்க.”

எனக்கு ஆத்திரமாக வந்தது. செத்தது பிஜிலி. அப்பா அழுவது பிஜிலிக்காக. நடுவில் இவள் எப்படி இருக்கிறாள் என்று இங்கே யார் கேட்டது?