இரும்புத் தகட்டுக்குப் பின்னால் ஒரு கோழி

ஒனொரா பிரான்ஸில் எங்கள் தூலோன் துறைமுகத்துப் பீரங்கிக்காரர். முப்பது வருஷம் மரக்கப்பல்களில் நின்று சுட்டவர். ஒருமுறை எதிரிக் கப்பலின் சமையல்காரனை விட்டுவிட்டு, அவன் கிளறிக்கொண்டிருந்த சூப்புப் பானையை மட்டும் குண்டால் தூக்கினாராம். பூண்டு குறைவாகப் போட்டிருந்தது அரை மைல் தள்ளியே அவருக்கு வாசனையில் தெரிந்துவிட்டதாம். நான் நம்புகிறேன், பூண்டு விஷயத்தில் எங்கள் ஊர்க்காரர் பொய் சொல்லமாட்டார்.

மரக்கப்பலில் குண்டைவிட, அது பெயர்த்தெறியும் சிராய்தான் அதிகம் பேரைக் கொல்லும். ஒனொராவின் தொடையிலேயே விரல் நீளத்துக்கு ஓர் ஓக் சிராய் புதைந்திருந்தது. வடகாற்று கிளம்பும் முன்பே அது குடையத் தொடங்கிவிடும். அவர் மனைவி நொரீனின் தம்பி கதை இன்னும் மோசம். கருங்கடல் சண்டையில் வெடிகுண்டு விழுந்து, கப்பலோடு எரிந்துபோனான்.

அதனால்தான், புதுப் போர்க்கப்பலுக்கு இரும்புச் சட்டை மாட்டுகிறார்கள் என்ற செய்தி வந்ததும் ஊரே சிரித்தபோது நொரீன் சிரிக்கவில்லை.

"வாணலி மிதக்குமாடி?" என்று மீன்காரிகள் கேட்டார்கள்.

"உன் வாய் மிதக்குதே, அதைவிடவா கனம்?" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

மகன் சிப்ரியானுக்கு அந்தக் கப்பலில் பீரங்கி வேலை கிடைத்திருந்தது. கரையில் கயிறு திரிக்கும் கொட்டடியிலும் ஓர் இடம் இருந்தது. கப்பலா கயிறா என்பதை அம்மாதான் சொல்லவேண்டும்.

அந்தச் சட்டைக்கான இரும்புத் தகட்டை ஓக் சுவரில் அறைந்து, கடற்கரையில் நிறுத்திச் சுட்டுப் பார்க்கும் நாள் வந்தது. சுடுகிறவர் ஒனொரா. நொரீன் ஒரு கூடையோடு வந்து நின்றாள். உள்ளே அவள் வளர்த்த செங்கோழி; பெயர் சீமாட்டி.

"இதைச் சுவத்துக்குப் பின்னால கட்டுங்க. செத்தா பையன் கயிறு திரிக்கப் போவான். பொழைச்சா கப்பல்."

"கோழிக்குக் கடற்படைச் சம்பளம் கேப்பியாம்மா?" என்றார் சோதனையை நடத்த வந்த கடற்படை அதிகாரி.

"தானியம் போதும் ஐயா. உங்களைவிடக் கொறைச்சலாத்தான் தின்னும்."

சிப்ரியான் அப்பாவின் காதருகே குனிந்தான். "வெடிமருந்தைக் கொஞ்சம் கொறைச்சுப் போடுங்கப்பா. எனக்குக் கப்பல்தான் வேணும்."

"எதிரி பீரங்கிக்காரனும் உனக்கு அப்பனாடா?"

வழக்கமான அளவுக்கு மேல் இன்னொரு கை மருந்தை அள்ளித் திணித்தார் ஒனொரா. பிறகு திரியில் நெருப்பை வைத்தார்.

குண்டு போன வேகத்தில் கடலே ஓர் அடி பின்வாங்கியது. குறி தப்பவில்லை. அந்தக் குண்டு எந்த மரக்கப்பலின் சுவரையும் துளைத்து, மறுபக்கச் சுவரையும் துளைத்துக்கொண்டு போயிருக்கும். இங்கே அது பீங்கான் தட்டுபோல நொறுங்கித் திரும்பி வந்து, அதிகாரியின் தொப்பியைக் கொண்டுபோயிற்று. இரண்டாவது குண்டும் அதே இடத்தில் விழுந்து அப்படியே நொறுங்கியது. மூன்றாவதற்குப் பீரங்கியே துள்ளி மணலில் புதைந்தது.

புகை விலகியது. சுவர் நின்றுகொண்டிருந்தது.

ஒனொரா நடந்துபோய்த் தகட்டின் முன் நின்றார். கஞ்சிக் கிண்ணம் அளவுக்கு ஒரு குழி, அவ்வளவுதான். உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சுட்டது, எடுக்கவில்லை. அவர் அறிந்த கப்பல்கள், அவருக்கு அஞ்சிய கப்பல்கள் எல்லாமே அந்தக் குழிக்குள் மூழ்கிப்போனது மாதிரி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார், அந்த இரும்புக்கு.

சுவருக்குப் பின்னால் சிராய் ஒன்றுகூடத் தெறித்திருக்கவில்லை. சீமாட்டி நின்றபடி மணலைக் கிளறிக்கொண்டிருந்தது.

"பா, பா" என்று நொரீன் கூப்பிட்டாள். அது திரும்பவில்லை. பின்னால் போய்க் கையைத் தட்டினாள். அப்போதும் இல்லை.

"செவிடாயிடுச்சு" என்றாள்.

நொரீன் கோழியை மார்போடு அணைத்துக்கொண்டு, மகனையும் இரும்பையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏறிக்கோ. நான் சொன்னதுல எதை நீ காதுல வாங்கியிருக்கே, செவிடானா புதுசா நஷ்டப்பட?"

அன்று மாலை கம்பளி நூலை மெழுகில் தோய்த்துக் காதடைப்பாக உருட்டி, அளவு பார்க்கிறேன் என்று அவன் காதைத் தேவைக்கு அதிகமாகவே திருகினாள்.