சவுதிப் பெட்டியில் கிடந்த கடிதம்

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், என் மகளையும் அவள் வயிற்றில் இருந்த பிள்ளையையும் வாய்க்கால் கரையில் இழந்திருப்பேன். அதற்கு நானே காரணமாகவும் இருந்திருப்பேன். இதை மறைத்துவிட்டுக் கர்த்தர் செய்த நன்மையை மட்டும் சொன்னால் அது பாதிச் சாட்சி. ஆகவே சபையில் உள்ள பெரியவர்களும் தாய்மார்களும் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

என் அப்பாவும் அம்மாவும் நீடாமங்கலம் பக்கத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். நான் ஐ.டி.ஐ. படித்து ஃபிட்டராகி, சவுதியில் பத்தொன்பது வருஷம் பம்ப் ஹவுஸில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பினேன். எங்களுக்கு ஒரே மகள், எஸ்தர். கும்பகோணத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வீட்டில் சம்பந்தம் அமைந்தது. மாப்பிள்ளை சாமுவேல் தங்கமான பிள்ளை. சம்பந்தியும் கெட்டவர் இல்லை. ஆனால் வாழ்நாள் முழுக்கச் சிவப்பு மை பேனா பிடித்த கை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். அவர் பல்லையும் பார்ப்பார், வாலையும் தூக்கிப் பார்ப்பார்.

கல்யாணச் சீரில் நான் கொடுத்த பீரோவின் கதவு சரியாகச் சாத்தவில்லை. அதை அவர் ஒரு வருஷம், போகிற விசேஷ வீட்டிலெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னார். கூலிக்காரர் மகன் கொடுத்த சாமான் அப்படித்தான் இருக்கும் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. நானே அப்படி நினைத்துக்கொண்டு வெந்துபோனேன்.

அந்தச் சீரில் காரும் இருந்தது. எங்கள் வம்சத்தில் ஒருவர் பணம் கட்டி வாங்கிய முதல் கார். என் பெயரில் பதிவு செய்து, மாலை போட்டுக் கொடுத்தேன். பெயர் மாற்றுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு வீட்டிலும் விட்டுவிட்டோம். அதனால்தான் கார் கம்பெனி போட்ட கடிதம் என் வீட்டுக்கு வந்தது.

பெட்ரோல் பம்பில் தயாரிப்பிலேயே குறை இருக்கிறது, ஓடும்போதே இன்ஜின் நின்றுவிடலாம், உடனே கொண்டு வந்தால் செலவில்லாமல் மாற்றித் தருகிறோம் என்று எழுதியிருந்தது. படிக்காதவன் என்றால் தெரியாமல் விட்டேன் என்று சொல்லலாம். நான் பம்ப் ஃபிட்டர். சவுதியில் ஒரு பம்பில் பழுது, தொடாதே என்று சிவப்பு அட்டை தொங்கினால், மேனேஜரே வந்து சொன்னாலும் சுவிட்சில் கை வைக்க மாட்டோம். அப்படிப்பட்ட நான் அந்தக் கடிதத்தை மடித்து, பரண்மேல் இருந்த என் சவுதிப் பெட்டிக்குள் போட்டேன். கம்பெனியே திருப்பிக் கேட்கிற வண்டியைச் சீர் கொடுத்தான் என்ற பேச்சு வந்துவிடும் என்ற பயம்தான். ஒரு நாள் ஏதாவது சாக்குச் சொல்லி வண்டியை நானே கொண்டுபோய்ச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். அந்த ஒரு நாள் வரவே இல்லை. இரண்டாவது கடிதமும் வந்தது. அதுவும் பெட்டிக்குப் போனது. கம்பெனியிலிருந்து போன் வந்தபோது தப்பான நம்பர் என்று வைத்துவிட்டேன்.

இதில் வெட்கமான விஷயம் ஒன்று உண்டு. தினமும் குடும்ப ஜெபத்தில், பிள்ளைகளைப் போக்கிலும் வரத்திலும் காத்துக்கொள்ளும் ஆண்டவரே என்று உருக்கமாக ஜெபிப்பேன். என் மனைவி மேரி ஆமென் சொல்வாள். பெட்டி எங்கள் தலைக்கு மேலேதான் இருந்தது.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்து எஸ்தரை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். எட்டாம் மாதம், அந்த ஞாயிறு, ஆராதனை முடிந்து மாப்பிள்ளை அந்தக் காரில் அவளைப் பார்க்க வந்திருந்தார். சாப்பிட்டு எழுந்தவளுக்குத் திடீரென்று ரத்தம் போக ஆரம்பித்தது. மேரி அவளைப் பின்சீட்டில் மடியில் சாய்த்துக்கொண்டாள். நான் முன்னால் உட்கார்ந்தேன். மெயின் ரோட்டில் பாலம் வேலை நடந்ததால் வாய்க்கால் கரைச் சாலையில் விட்டார் மாப்பிள்ளை. மேட்டூர்த் தண்ணீர் வந்து வாய்க்கால் கரை ததும்ப ஓடிக்கொண்டிருந்தது.

பாதி வழியில் இன்ஜின் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. ஸ்டீயரிங் இறுகிவிட்டது. பிரேக் கல்லாக இருந்தது. வண்டி தானாகவே சரிந்து தண்ணீரைப் பார்த்துப் போனது. மாப்பிள்ளை எழுந்து நின்ற மாதிரி பிரேக்கை மிதித்தார். ஒரு நுணா மரத்தை உரசிக்கொண்டு வண்டி நின்றபோது, முன்சக்கரத்துக்கும் தண்ணீருக்கும் இடையே இரண்டு முழம்தான் இருந்தது.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டோம். வண்டி தூரத்தில் இருக்கிறது, முக்கால் மணி நேரமாவது ஆகும் என்றார்கள். சாலையில் ஈ காக்கை இல்லை. பின்சீட்டில் எஸ்தர் முனகுவதும் குறைந்துகொண்டே வந்தது. மாப்பிள்ளை சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தார். நான் கண்ணை மூடி ஜெபித்தேன். என்ன ஜெபித்தேன் தெரியுமா? ஆண்டவரே, இந்த ஒரு தடவை வண்டியை ஓட வையும், நாளைக்கே சரிசெய்துவிடுகிறேன், யாருக்கும் தெரிய வேண்டாம் என்றுதான். மகள் உயிருக்குப் போராடும்போதும் என் மானத்தையும் சேர்த்தே கேட்டேன். வண்டி எடுக்கவில்லை.

"இன்னும் ஒரு தடவை பாக்குறேன் மாமா, எடுத்துரும்" என்றார் அவர். அவருக்கு அந்த நம்பிக்கை இருந்தது. எடுக்காது என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.  கர்த்தாவே, என்னை என்ன வேண்டுமானாலும் செய்யும், என் பிள்ளையை விட்டுவிடும் என்று மனதுக்குள் கதறினேன். அந்த நேரம், வாயைத் திற என்று யாரோ நெஞ்சைப் பிடித்து உலுக்கியது போல இருந்தது.

"விட்ருங்க மாப்பிள்ளை. அது எடுக்காது. பம்புல குறைன்னு கம்பெனி ரெண்டு லெட்டர் போட்டுச்சு. நான் மறைச்சுட்டேன்" என்றேன்.

மேரி என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மாப்பிள்ளை சாவியை விட்டார். கதவைத் திறந்து இறங்கி, வரப்பில் ஓடினார். இரண்டு வயல் தள்ளிப் பெண்கள் நடவு நட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கும் அந்தப் பக்கம் ஒரு லோடு ஆட்டோ, அடுத்த வயலுக்கு நாற்று முடிச்சு ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டது. அவர் கத்தியது டிரைவருக்குக் கேட்கவில்லை. நடவுக்காரப் பெண்களுக்குக் கேட்டது. அவர்கள் எல்லோரும் சேர்ந்து கூப்பாடு போட்டு வண்டியை நிறுத்தினார்கள். இன்னும் ஒரு தடவை சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தால் அந்த வண்டி போயிருக்கும்.

லோடு ஆட்டோ கரைக்கு வந்தது. நடவுக்காரப் பெண்களில் செல்வமணி என்ற அம்மாள் சேற்றுக் காலோடு மேலே ஏறி முடிச்சுகளைக் கீழே தள்ளினார். நாற்று வீணாகிவிடுமே என்று டிரைவர் தயங்கினார்.

"நாத்து கெடக்கட்டும்ப்பா. மொதல்ல புள்ளைய ஏத்துங்க" என்றார் அந்த அம்மாள்.

கொஞ்சம் முடிச்சுகளைப் பரப்பி, அதன்மேல் தார்ப்பாய் விரித்து எஸ்தரைப் படுக்க வைத்தோம். நான் மாலை போட்டுக் கொடுத்த கார் வாய்க்கால் ஓரம் நின்றது. என் அம்மா நட்ட அதே நாற்றின் மேல் என் மகள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். எப்போது பார்த்தாலும் சாத்தியே கிடக்கும் நீடாமங்கலம் ரயில்வே கேட் அன்று திறந்திருந்தது. நம் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும், அதுவே ஓர் அற்புதம்தான். கேட்டைத் தாண்டியதும் ஆம்புலன்ஸ் எதிரே வந்தது. எஸ்தரை அதற்கு மாற்றினோம்.

தஞ்சாவூரில் ஆபரேஷன் செய்தார்கள். பெண் குழந்தை, இரண்டு கிலோகூட இல்லை. இன்னும் கால் மணி நேரம் தாமதித்திருந்தால் இரண்டு பேரையும் பார்த்திருக்க முடியாது என்றார் டாக்டரம்மா. குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். சம்பந்தி வந்ததும் வராந்தாவில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.  பதினோரு நாள் பெஞ்சின் அந்தக் கோடியில் அவர், இந்தக் கோடியில் நான். மேரியும் சோற்றைக் கொண்டுவந்து வைப்பாளே தவிர முகம் கொடுக்கவில்லை. திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது. ஜெபிக்கவும் வாய் வரவில்லை. உட்கார்ந்து அழுதேன். அதையும் கர்த்தர் ஜெபமாக ஏற்றுக்கொண்டார் என்றே நம்புகிறேன்.

பன்னிரண்டாம் நாள் குழந்தையை எஸ்தர் மடியில் கொடுத்தார்கள். அன்றுதான் மாப்பிள்ளை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வண்டில குறைன்னு சொல்லியிருந்தீங்கன்னா எங்கப்பா ரெண்டு நாள் பேசியிருப்பாரு மாமா. அவ்வளவுதான்" என்றார்.

அவ்வளவுதான். இரண்டு நாள் பேச்சுக்குப் பயந்து இரண்டு உயிரைப் பணயம் வைத்திருக்கிறேன்.

சம்பந்தி கடிதங்களைக் கேட்டு வாங்கி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தார். நாளைக்கு நாம் இரண்டு பேருமே வண்டியோடு கம்பெனிக்குப் போய் வருவோம் என்றார். போனோம். பம்பை மாற்ற ஒன்றரை மணி நேர வேலை. டீயும் கொடுத்தார்கள். டீயில் சர்க்கரை போதவில்லை என்று அவர் குறை சொன்னார். அதைக் கேட்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பிறகு செல்வமணி அம்மாளைத் தேடிப் போனேன். வீணாய்ப் போன நாற்றுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றேன். அன்று சாயங்காலமே நட்டுவிட்டதாகவும், கொஞ்சம் வாடிப் பிறகு தண்ணீர் பட்டதும் நிமிர்ந்துகொண்டதாகவும் சொல்லி, அந்த வயலைக் காட்டினார். பச்சைப் பசேலென்று நின்றது.

அன்பானவர்களே, என் மகளையும் பேத்தியையும் கர்த்தர் திருப்பித் தந்தார். என் முதல் ஜெபத்துக்கு அவர் பதில் தராததற்கும் சேர்த்தே இன்று நன்றி சொல்கிறேன். அவரை நம்புங்கள், கைவிட மாட்டார். ஆனால் உங்கள் வீட்டுப் பரண்மேலும் அப்படி ஒரு பெட்டி இருந்தால், முதலில் ஏணியை எடுங்கள். முழங்காலில் நிற்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.