ரெஜிஷா பாதி வேலை செய்வதில்லை

கருங்கல் ஊரைச் சேர்ந்த ரெஜிஷா ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தபோது வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். திங்கள்சந்தையில் ஒரு பட்டறையில் ஐந்து வருடம் வேலை பார்த்தாள். 2013-ல் சொந்தமாக ஒரு ஷெட் போட்டாள். வண்டியோடு வருகிறவர்கள் அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, மெக்கானிக் எங்கே என்று கேட்பார்கள்.

பட்டறையில் இருந்தபோது நடந்த ஒன்றை அவளால் மறக்க முடியவில்லை. சிலுவைதாசன் என்பவருடைய டீசல் காருக்கு, எஞ்சின் வால்வுகளை ஓட்டுகிற டைமிங் பெல்ட்டை மாற்ற வேண்டியிருந்தது. பெல்ட் மட்டும் போதும் என்றார் அவர். அவளும் மாட்டிக் கொடுத்துவிட்டாள். நாலாவது மாதம், அந்தப் பெல்ட்டில் சுற்றுகிற பழைய தண்ணீர் பம்ப் இறுகி நின்றது. புது பெல்ட்டின் பற்கள் உதிர்ந்து, வால்வுகள் வளைந்து, எஞ்சினே போயிற்று. மூச்சுத்திணறலோடு இருந்த அம்மாவை அவர் நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்த நேரம். பின்னால் வந்த ஓர் ஆட்டோக்காரர் ஏற்றிக்கொண்டதால் அம்மா பிழைத்தார். சிலுவைதாசன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இனி பாதி வேலை செய்வதில்லை என்று அவள்தான் முடிவு செய்துகொண்டாள்.

ஷெட் போட்ட மறுவருடம் சுசீந்திரத்திலிருந்து பகவதியப்பன் வந்தார். தவில்காரர். மேளக்குழுவை ஏற்றிப்போகிற காருக்குப் பெல்ட் மாற்ற வேண்டும். நாகர்கோவில் பட்டறையில் ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்களாம். அவருக்கோ வெள்ளிக்கிழமை தேரூரில் கோயில் கொடைத் திருவிழாவில் வாசிக்க வேண்டும்.

ரெஜிஷா மூடியைக் கழற்றிப் பார்த்தாள். "அண்ணே, பெல்ட்டோட தண்ணி பம்பையும் டென்ஷனர் ரோலரையும் சேத்து மாத்தணும்."

"நல்லா ஓடிட்டிருக்கியதை என்னத்துக்கு மாத்தணும் மக்கா? பெல்ட்டு மட்டும் போரும்."

"அப்படின்னா நான் செய்யமாட்டேன். பழைய பெல்ட்டையே மாட்டித் தாறேன். கூலி வேண்டாம்."

அவர் முகம் சுருங்கியது. "சாமான் விக்கியதுக்கு இது ஒரு வழியா?"

 அவள் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற அந்த ரோலரைக் கழற்றி, அவர் காதருகே பிடித்துச் சுண்டிவிட்டாள். அடுத்து, பெட்டியிலிருந்து ஒரு புது ரோலரை எடுத்து அதையும் சுற்றினாள். அதில் சத்தமே இல்லை.

பகவதியப்பன் கண்ணை மூடினார். "முதல்ல உள்ளதை இன்னொருக்கா சுத்து."

சுற்றினாள்.

"இதுக்க உள்ள மணலு அரைக்குதே! எனக்கு இதுவரை கேக்கலியே?"

"எஞ்சின் ஓடும்போ அது கேக்காதுண்ணே. பம்புக்க அடியிலயும் தண்ணி கசிஞ்ச தடம் கிடக்கு. பாருங்க."

"பாக்கவேண்டாம். எல்லாத்தையும் மாத்து."

அரைநாள் வேலை. அவர் ஷெட்டை விட்டு அசையவில்லை. முக்காலியில் உட்கார்ந்து தொடையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தார். அவள் பெல்ட் சக்கரங்களில் உள்ள குறிகளை ஒத்துப் பார்த்து, எஞ்சினைக் கையாலேயே இரண்டு சுற்று சுற்றிவிட்டு, சாவியைத் திருப்பினாள். முதல் தடவையிலேயே பிடித்தது. அவர் பானெட்டின் மேல் குனிந்து வெகுநேரம் கேட்டார்.

"சுத்தமாட்டு இருக்கு," என்றார். "வெள்ளிக்கிழமை கொடைக்கு வந்திரு மக்கா."

போனாள். தவிலுக்கு அவ்வளவு பக்கத்தில் அவள் அதுவரை நின்றதே இல்லை; நெஞ்சுக்குள் அதிர்ந்தது. இடைவேளையில் அவர் நாதஸ்வரக்காரரையும் பந்தல்காரரையும் கூட்டிவந்து அறிமுகப்படுத்தினார். இரண்டு பேருடைய வேன்களையும் ஷெட்டுக்குக் கொண்டுவர அங்கேயே நாள் சொல்லிவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடித்து ஊர் திரும்பினாள்.